ஏலக்காய் டிரையருக்கு ஒரு தமிழ்க் கையேடு: தேடினால் கிடைக்க வேண்டும்

கேரளத்து இடுக்கி மலையில், வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்து டிரையருக்குத் தமிழில் கையேடு போட்டுக் கொடுத்தேன். மோட்டார், சுவிட்ச் பேனல் ரிப்பேர்தான் என் தொழில். தமிழ் டைப்பிங்கும் பக்கம் கட்டுவதும் தெரியும் என்பதால் தோட்டத்து முதலாளி இந்த வேலையையும் என்னிடமே தந்தார். இருக்கிற புத்தகத்தை அப்படியே தமிழாக்கினால் போதும் என்றுதான் கேட்டார். செய்து முடித்தது வேறு மாதிரியான வேலை. ரைஸ் மில், பம்ப் ஹவுஸ், ஜெனரேட்டர் ரூம் என்று எந்த மெஷினுக்கும் கையேடு எழுத உட்காருகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

மலைக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்தை இங்கே ஸ்டோர் என்போம். பறித்த காயை அன்றே உலர்த்த ஏற்றியாக வேண்டும். பச்சைக்காயில் ஏறத்தாழ 80 சதவீதம் ஈரம் இருக்கும். அதை 10, 12 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும், பச்சை நிறமும் போகக் கூடாது. சூட்டை 45 டிகிரிக்கும் 55 டிகிரிக்கும் இடையில் நிறுத்தி 18 முதல் 24 மணி நேரம் வரை ஓட்டுவார்கள். சூடு கூடினால் காய் வெடிக்கும், நிறம் பழுப்பேறும். இழுத்துக்கொண்டே போனால் மஞ்சளிக்கும், பூசணம் பிடிக்கும். புற்றடியிலும் போடியிலும் நடக்கும் ஏலத்தில் நிறமும் பருமனும்தான் விலையை முடிவு செய்கின்றன. ஒரு ராத்திரி சூடு தவறினால் அந்த எடுப்பு முழுக்கப் போச்சு.

காய் வரும் காலம் மழைக்காலம். மரம் விழுந்து லைன் அறுவதும் அப்போதுதான். கம்பம், கூடலூர், உத்தமபாளையத்திலிருந்து காலையில் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி வரும் பெண்கள் காய் எடுத்துவிட்டுச் சாயங்காலம் இறங்கிவிடுவார்கள். ராத்திரி முழுக்க ஸ்டோரில் இருப்பவர் ஒருவர், இரண்டு பேர். முதலாளி மலையாளி, கட்டப்பனையில் வீடு. ஸ்டோர் பார்க்கும் அண்ணன் கூடலூர்க்காரர். மலையாளம் சரளமாகப் பேசுவார், படிக்க வராது. தமிழை நிதானமாக, எழுத்துக் கூட்டிப் படிப்பார்.

டிரையரோடு கம்பெனி கொடுத்த புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. கூடவே மலையாளத்தில் ஒரு மடிப்புத்தாள். புத்தகத்தில் எழுதியிருந்தது எதுவும் பொய்யில்லை, விட்டுப்போனதும் அதிகமில்லை. அறிமுகம், அளவுகள், பாகங்களின் பட்டியல், பொருத்தும் முறை, அடுப்பு, புளோயர் (அடுப்புச் சூட்டை ரூமுக்குத் தள்ளும் விசிறி), பேனல், பராமரிப்பு, கடைசியில் கோளாறுகள் என்று அடுக்கியிருந்தார்கள். மெஷினைச் செய்தவருக்கு அந்த வரிசை வசதி. அவர் அதைப் பாகம் பாகமாகத்தானே கட்டினார்?

நான் அந்தப் புத்தகத்தைத் தமிழில் வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டே அண்ணனிடம் கேட்டேன்:

"அண்ணே, கரண்டு போனா என்ன செய்யணும்னு இதுல எந்த எடத்துல இருக்கும்னு நெனைக்கிறீங்க?"

"எங்கயாச்சும் இருக்கும் தம்பி. நான் தேடி எடுக்கிறதுக்குள்ள காய் வெந்துரும்."

தேடிப் பார்த்தேன். கரண்டு போனால் நெருப்பை என்ன செய்வது என்பது அடுப்பு அத்தியாயத்தில் இருந்தது. புளோயர் சுவிட்சை என்ன செய்வது என்பது பேனல் அத்தியாயத்தில். ரூமில் தேங்கும் சூட்டை வெளியே விடுவது காற்றோட்டம் பற்றிய பக்கத்தில். மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் ஒரு பதில். டார்ச் வெளிச்சத்தில், கையில் கரியோடு நிற்கிறவர் மூன்று இடத்தைத் தேடிச் சேர்த்துப் படிக்க முடியாது.

எந்தப் பாகத்தில் கோளாறு என்று தெரிந்தவருக்குப் புத்தகமே பாதி தேவையில்லை. தெரியாதவர்தான் புத்தகத்தை எடுக்கிறார். அவரிடம் பாகத்தின் பெயரைச் சொன்னால்தான் பக்கம் தருவேன் என்கிறது அந்த அடுக்குமுறை. இதை மாற்றாமல் எவ்வளவு நல்ல தமிழில் எழுதினாலும் பிரயோசனம் இல்லை என்று முதலாளியிடம் சொன்னேன். அவருக்கு உடனே புரிந்தது. ராத்திரி போன் அவருக்குத்தானே வருகிறது!

கேள்விகளைச் சேர்த்தது

எழுதுவதற்கு முன் ஸ்டோரிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு எடுப்பு ஏற்றுவதிலிருந்து இறக்குவது வரைக்கும் ஒருவரை ஒருவர் என்ன கேட்டுக்கொள்கிறார்கள், முதலாளிக்குப் போன் போட்டால் என்ன சொல்கிறார்கள் என்று அவர்கள் வாயில் வந்தபடியே துண்டுத் தாளில் எழுதினேன். ஒரு தாளுக்கு ஒரு கேள்வி. "கட்டை எரியுது, ரூம் சூடாகலையே?" "இந்தப் பக்கத்துத் தட்டு மட்டும் காயலையே?" "சோடா எவ்வளவு போடணும்?" "உர்ருனு சத்தம் வருது, சுத்த மாட்டேங்குது." "ரப்பர் கருகுற வாசம் வருது." "ஆவி வெளிய போகலையோ?" "காய் போதுமா, இன்னும் ஓட்டணுமா?"

பிறகு அந்தத் துண்டுகளை அண்ணனிடமும் அவருக்கு ஒத்தாசையாக இருக்கும் பையனிடமும், காய் கழுவும் அக்கா ஒருவரிடமும் கொடுத்து, எது எதோடு சேரும் என்று அடுக்கச் சொன்னேன். நான் வாய் திறக்கவில்லை. இதைச் செய்கிறவர்கள் இந்த இடத்தில் பேசாமல் இருப்பது ரொம்ப முக்கியம். நாம் ஒரு தலைப்பைச் சொல்லிவிட்டால் அவர்கள் அதற்குள்ளேயே அடுக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

யாருமே அடுப்பு, புளோயர், பேனல் என்று பிரிக்கவில்லை. நேரத்தை வைத்துத்தான் பிரித்தார்கள். காய் ஏற்றுவதற்கு முன், ஓடிக்கொண்டிருக்கும்போது, இறக்கும்போது, சீசன் முடிந்து பூட்டும்போது. இதில் எதிலும் சேராமல் தனியாக ஒரு குவியல் வந்தது. பையன் அதைத் தள்ளி வைத்து, "இது ஏதோ ஆகிப்போச்சுண்ணே" என்றான். அந்தப் பெயரே நன்றாக இருந்ததால் அப்படியே தலைப்பாக வைத்துக்கொண்டேன். புத்தகத்தின் ஐந்து பகுதிகள் அன்றே முடிவாகிவிட்டன. அந்தக் குவியலை மட்டும் கடைசியில் போடாமல் புத்தகத்தின் முன்னால் கொண்டுவந்தேன். அவசரத்தில் அட்டையைத் திறந்த கை முதலில் அங்கே போய் விழ வேண்டும்.

அட்டைக்கு அடுத்த பக்கம்

விமானத்தில் விமானிகளுக்கு அவசரக் கையேடு ஒன்று தனியாக இருக்கும். எந்த எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்று பார்த்து, அதன் பெயரை முன்பக்கத்துப் பட்டியலில் பிடித்தால் நேராகப் பக்கத்துக்குப் போய்விடலாம். அங்கே செக்லிஸ்ட் வழக்கமானதற்கே ஒரு விபத்துதான் காரணம். 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவில் ரைட் ஃபீல்டில் போயிங் மாடல் 299 விமானம், வாலில் அசையும் பலகையின் (எலிவேட்டர்) பூட்டை எடுக்காமலே கிளம்பி விழுந்தது. ஓட்டியவர்கள் அனுபவசாலிகள். அதற்குப் பிறகுதான் நினைவை மட்டும் நம்பக் கூடாது என்று தாளில் எழுதி வைக்க ஆரம்பித்தார்கள்.

நம் ஸ்டோரில் எச்சரிக்கை விளக்கு கிடையாது. ஆனால் நிற்கிறவருக்குக் கண், காது, மூக்கு இருக்கிறது, சுவரில் சூடு காட்டும் மீட்டர் இருக்கிறது. அதனால் அட்டைக்கு அடுத்த பக்கத்தை நான்கு கட்டமாகப் பிரித்தேன். கண்ணுக்குத் தெரிவது, காதுக்குக் கேட்பது, மூக்குக்கு வருவது, மீட்டர் காட்டுவது. ஒவ்வொரு கட்டத்திலும் அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே ஒற்றை வரிகள், வரிக்கு எதிரில் பெரிய எழுத்தில் பக்க எண்.

மூக்குக் கட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கம்பெனிப் புத்தகத்தில் அது இல்லவே இல்லை. ஸ்டோர் ஆள் முதலில் பிடிப்பது வாசனையைத்தான். ரப்பர் கருகும் வாசம் வந்தால் பெல்ட் வழுக்குகிறது. வயர் கருகும் வாசம் வந்தால் மோட்டாரோ பேனலோ சூடாகிறது, உடனே மெயினை ஆஃப் செய்ய வேண்டும். மூன்றாவது, ரூமுக்குள் கட்டைப் புகை வாசம். அடுப்புக்கும் ரூமுக்கும் நடுவில் இருக்கும் இரும்புக் குழாயில் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது என்று அர்த்தம். புகை காயில் ஏறினால் ஏலக்காயின் மணமே கெட்டுவிடும். மூன்றுக்கும் மூன்று பக்கம். கம்பெனிப் புத்தகத்தில் இந்த மூன்றாவது விஷயம் வருடாந்திரப் பராமரிப்பில் குழாயைச் சோதிக்கவும் என்று ஒரு வரியாக இருந்தது. அதை வாசனை என்று தேடுகிறவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன்

12-ஆம் பக்கம் இது.

கரண்டு போச்சு

அடுப்பில் தண்ணீர் ஊற்றக் கூடாது. சூட்டில் இருக்கும் இரும்பு வெடிக்கும், ஆவி முகத்தில் அடிக்கும்.

1. புதுக் கட்டை போட வேண்டாம். 2-ஆம் நம்பர் கதவை (சாம்பல் கதவு) சாத்தவும். புகைக்குழாய் திறந்தே இருக்கட்டும்.
2. 5-ஆம் நம்பர் ஜன்னல்களைத் திறந்து விடவும்.
3. பேனலில் 7-ஆம் நம்பர் சுவிட்சை (புளோயர்) ஆஃப் செய்யவும்.
4. ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்து, ஒரே சீராக ஓடும் வரை பொறுக்கவும். பிறகு 9-ஆம் நம்பர் கைப்பிடியை ஜெனரேட்டர் பக்கம் திருப்பவும்.
5. 7-ஐ ஆன் செய்யவும். புளோயர் ஓடியதும் 5-ஐயும் 2-ஐயும் பழையபடி வைக்கவும்.

ஜெனரேட்டர் எடுக்கவில்லையா? எரிகிற கட்டையைக் கொக்கியால் வெளியே இழுத்து, சிமெண்ட் தரையில் போடவும்.

கரண்டு திரும்பி வந்தால்: பக்கம் 13.

இவ்வளவுதான். ஒரு பக்கத்துக்குள் முடிகிறது. புளோயர் நின்றதும் அடுப்புச் சூடு நகராமல் இரும்பிலேயே ஏறும் என்பதால் நெருப்பை அடக்குவதை முதலில் வைத்தோம். வரிசையை அண்ணன் சொன்னார், கம்பெனியின் சர்வீஸ் மெக்கானிக்கிடம் ஒவ்வொரு வரியும் காட்டி ஒப்புதல் வாங்கினேன். அப்படி வாங்காமல் பாதுகாப்பு சம்பந்தமான எதையும் அச்சுக்கு விடாதீர்கள். ஒவ்வொரு டிரையரின் அமைப்பும் வேறு, இந்தப் பக்கத்தை வேறு மெஷினுக்கு எடுத்து ஒட்டக் கூடாது.

அபாயக் குறிப்பு முதல் அடிக்கு மேலே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கம்பெனிப் புத்தகத்தில் எச்சரிக்கை எல்லாம் முன்னால் பல பக்கங்களுக்கு மொத்தமாக இருந்தது. எல்லாரும் புரட்டித் தள்ளிவிட்டுப் போகும் இடம் அது. ஒவ்வொன்றையும் பிரித்து, எந்த வேலையில் அந்த அபாயம் வருமோ அந்த வேலைக்குச் சற்று முன்னால் வைத்தேன். செய்து முடித்த பிறகு கண்ணில் படும் எச்சரிக்கையால் யாருக்கு என்ன லாபம்? குறியீடுகளை நானாக வரையவில்லை. மின்சாரத்துக்கும் சுடும் பரப்புக்கும் ஐ.எஸ்.ஓ 7010 தரத்தில் இருக்கும் மஞ்சள் முக்கோணங்களையே போட்டேன். அதே படங்கள் பேனலிலும் ஒட்டியிருக்கின்றன. கையேடு எழுதுவதற்கென்றே ஐ.இ.சி/ஐ.இ.இ.இ 82079-1 என்று ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது, 2012-ல் வந்து 2019-ல் புதுப்பிக்கப்பட்டது. அதுவும் யார் படிக்கப் போகிறார்கள் என்பதிலிருந்துதான் தொடங்கச் சொல்கிறது.

கதவு 2, சுவிட்ச் 7 என்ற எண்கள் புத்தகத்தில் மட்டும் இல்லை. உள்ளங்கை அகல ஸ்டிக்கர்களாக மெஷின் மேலேயே ஒட்டியிருக்கின்றன. அடுப்புப் பக்கம் ஸ்டிக்கர் நிற்காது, அங்கே தகரத் துண்டில் எண்ணைப் பொறித்து ரிவெட் அடித்தோம். இந்த வேலை முழுக்கவும் எனக்கு மிகவும் திருப்தி தந்தது இந்த எண்கள்தான். இன்லெட் டேம்பர் என்று எழுதினாலும் காற்றுத் தடுப்பு என்று எழுதினாலும் ஒருவர் யோசிக்க வேண்டியிருக்கிறது. 4 என்றால் 4.

புளோயர் திரும்பிச் சுற்றினால்

கண்டுபிடிக்கக் கஷ்டமான ஒரு கோளாறை இங்கே சொல்லிவிடுகிறேன். தேடுதல் என்பது எவ்வளவு முக்கியம் என்று எனக்கு முழுசாக உறைத்தது இதில்தான்.

லைனிலோ டிரான்ஸ்ஃபார்மரிலோ வேலை பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுக்கும்போது மூன்று பேஸில் (மோட்டாருக்குக் கரண்டு வரும் மூன்று லைன்) இரண்டு இடம் மாறிவிட்டால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். இந்த டிரையரில் இருப்பது நத்தைக்கூட்டு வடிவ புளோயர். அது எதிர்ப்பக்கம் சுற்றினாலும் காற்று அதே வழியில்தான் வெளியே வரும், ஆனால் வேகம் ரொம்பக் குறைந்துவிடும். ஸ்டோர் ஆள் கையை நீட்டிப் பார்ப்பார். காற்று வருகிறது. சத்தம் கேட்கிறது. அடுப்பில் நெருப்பும் நன்றாக இருக்கிறது. ரூம் மட்டும் 38, 39-க்கு மேல் ஏறாது. அவர் என்ன செய்வார்? இன்னும் கட்டை போடுவார். அடுப்பு இரும்பு சிவந்துபோகும், காய் மஞ்சளிக்கும்.

கம்பெனிப் புத்தகத்தில் இதற்கான பதில் பொருத்தும் முறை என்ற அத்தியாயத்தில், பேஸ் வரிசையைச் சரிபார்க்கவும் என்ற தலைப்பில் இருந்தது. டிரையரைப் பொருத்தியது எப்போதோ. அந்த அத்தியாயத்தை இனி ஒருவரும் திறக்கப் போவதில்லை. பதில் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

புதுப் புத்தகத்தில் இது "கட்டை எரியுது, ரூம் சூடாகலை" என்ற வரியின் கீழ் வருகிறது. முதல் சோதனையே இதுதான். புளோயரை ஆஃப் செய்து, விசிறி ஓய்ந்து நிற்கப்போகும் நேரத்தில் அது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்து, கூட்டின் மேல் சிவப்புப் பெயிண்டில் போட்டிருக்கும் அம்புக்குறியோடு ஒப்பிடவும். மாறியிருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடவும், பேனலைத் திறக்க வேண்டாம். அம்புக்குறி சரியாக இருந்தால் அடுத்த சோதனை பெல்ட், அதற்கடுத்து அடைபட்ட வலை. கரண்டு திரும்பி வந்தால் என்ன செய்வது என்ற 13-ஆம் பக்கத்திலும் அம்புக்குறியைப் பார்க்கச் சொல்லும் வரி இருக்கிறது. ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எழுதுவது வீண் என்று பலர் நினைப்பார்கள். இரண்டு வழியாக வருகிறவர்கள் இருந்தால் இரண்டு வாசலிலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, அளவுகளை மட்டும் ஒரே இடத்தில் வைத்தேன். காயின் பச்சை நிற்க வாஷிங் சோடாக் கரைசலில் 10 நிமிஷம் போட்டு எடுப்பார்கள், அது 2 சதவீதக் கரைசல். சதவீதத்தைச் சொல்லிவிட்டு விட்டால் கழுவும் அக்கா கணக்குப் போட வேண்டியிருக்கும். அதனால் 50 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ, 100-க்கு 2 கிலோ, 200-க்கு 4 கிலோ என்று நேராக எழுதி, சூட்டு அளவு, பெல்ட் நம்பர், கிரீஸ் வகை எல்லாவற்றையும் பின்னட்டையின் உள்பக்கம் வைத்தேன். அளவு பல பக்கங்களில் சிதறினால், ஒரு நாள் ஒன்றை மாற்றி இன்னொன்றை விட்டுவிடுவோம்.

மூன்று பாஷைக்கும் ஒரே பக்க எண்

முதலாளிக்கு மலையாளத்தில் ஒரு பிரதி வேண்டும். இப்போது ஜார்கண்ட், அசாமிலிருந்து வந்து தோட்டத்தில் தங்கியிருப்பவர்களும் ஸ்டோரில் ஒத்தாசைக்கு நிற்கிறார்கள், அவர்களுக்கு இந்தியில் ஒன்று வேண்டும். மூன்றையும் ஒரே புத்தகத்தில் பத்தி பத்தியாகப் போட்டால் கனம் மூன்று மடங்காகும், தேடுவதும் மூன்று மடங்காகும். அதனால் தனித்தனிப் புத்தகம். ஆனால் பக்க எண் மூன்றிலும் ஒன்றே. தமிழில் 12-ல் கரண்டு போச்சு என்றால் மலையாளத்திலும் 12, இந்தியிலும் 12. முதலாளி கட்டப்பனையில் தன் பிரதியைப் பிரித்து வைத்துக்கொண்டு போனில் "12 எடுங்க, 3-ஆவது வரி" என்று சொல்லலாம். தமிழ் படிக்கத் தெரியாதவர் தமிழ் படிக்கிறவருக்குப் பக்கத்தைக் காட்டலாம்.

இதற்காக ஒரு விஷயம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது என்று கட்டாயம் வைத்தேன். எந்த பாஷையில் வரி நீளுமோ அதை அளவாகக் கொண்டு மற்றதில் இடம் விட்டேன். காலியாக இடம் கிடக்கட்டும், குறை இல்லை. பத்தி எண்ணும் 4.2.3 மாதிரி எண்ணும் கிடையாது. 1-லிருந்து நேராக ஓடும் பக்க எண், மேல் மூலையில், கட்டைவிரல் படும் இடத்தில். ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு அனுப்புவது அதிகபட்சம் ஒரு தடவை. அங்கிருந்து மறுபடி வேறு பக்கம் போகச் சொன்னால் ஆள் புத்தகத்தை மூடிவிடுவார், அது நியாயம்தான்.

கடைசியில் அகரவரிசைப் பட்டியல் ஒன்றும் உண்டு. ஸ்டோரில் யாரும் அதை அதிகம் எடுக்க மாட்டார்கள், அகர வரிசை பள்ளிக்கூடத்தோடு போய்விட்டது. சர்வீசுக்கு வரும் எலக்ட்ரீஷியனுக்கும் மெக்கானிக்குக்கும்தான் அது. ஃபேன் என்று தேடினாலும் புளோயர் என்று தேடினாலும் காற்றாடி என்று தேடினாலும் மூன்றிலும் நேராகப் பக்க எண்ணே இருக்கும், இன்னொரு சொல்லைப் பார்க்கச் சொல்லாது. லிப்ரேஆபிஸ் என்ற டைப்பிங் மென்பொருளில் தலைப்புகளுக்கு ஸ்டைல் போட்டுவிட்டால் பொருளடக்கமும் பக்க எண்களும் தானே திருந்திக்கொள்ளும். பட்டியலை மட்டும் கண்ணால் ஒரு முறை பார்த்துவிடுங்கள். யூனிகோடு எண் (கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள எண்) வரிசையில் அடுக்கினால் தமிழ் அகராதி வரிசை வராது. ன என்பது ந-வுக்கு அடுத்தும், ற என்பது ர-வுக்கு அடுத்தும் போய் உட்காரும். புள்ளி வைத்த மெய்யும் பின்னுக்குப் போகும், அதனால் தட்டு என்பதற்கு முன்னால் தடுப்பு வந்து நிற்கும். அடுக்கும் மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஜெனரேட்டரை மட்டும் அகராதி முறைப்படி கடைசிக்கு அனுப்பாமல் ச-வுக்குப் பிறகே விட்டேன், அங்கேதான் தேடுவார்கள்.

கை எங்கே போகிறது என்று பார்த்தது

மாதிரிப் பிரதி தயாரானதும் சோதித்தோம். புத்தகத்தை மூடிக் கையில் கொடுத்து, மெஷின் பக்கத்தில் நிறுத்தி, "மோட்டார் உர்ருங்குது, சுத்தல. புத்தகத்துல பாருங்க" என்று மட்டும் சொல்வது. பக்கம் கிடைக்க அரை நிமிஷத்துக்கு மேல் ஆனால் பக்கத்தில்தான் தப்பு, ஆளிடம் இல்லை. பதில் புரிந்ததா என்று கேட்பது அதற்குப் பிறகு.

அண்ணனை வைத்துச் சோதித்துப் பயனில்லை. அவர் புத்தகத்தைத் திறக்காமலே மூன்று பேஸில் ஒன்று வரவில்லை என்று சொல்லி, கையும் ஆஃப் சுவிட்சுக்குப் போய்விடும். தீபாவளிக்கோ ஊர்க் கல்யாணத்துக்கோ அவர் கீழே இறங்கும் நாளில் ஸ்டோரில் நிற்கப்போகிறவர்தான் இந்தப் புத்தகத்தின் உண்மையான சொந்தக்காரர். அதனால் பையனையும், காய் கழுவும் அக்காவையும், டிரையர் பக்கமே வராத ஒரு ஜீப் டிரைவரையும் வைத்துப் பார்த்தோம்.

மீட்டர் என்ற கட்டத்தில் பையன் தடுமாறினான். சுவரில் சூட்டு மீட்டர், பேனலில் ஆம்ப்ஸ் மீட்டர், இரண்டும் அவனுக்கு மீட்டர்தான். இப்போது இரண்டின் முகத்தையும் கோட்டுப் படமாக வரைந்து, வரிகளைத் தனித்தனியாகப் பிரித்திருக்கிறோம். படங்களை முதலில் போன் கேமராவில் எடுத்த போட்டோவாகத்தான் வைத்திருந்தோம். கறுப்பு வெள்ளை அச்சில் பேனல் முழுக்க ஒரே கருப்பாகி, எது சுவிட்ச் எது வயர் என்று தெரியவில்லை. போட்டோவின் மேலேயே கோடு இழுத்து, கை படும் பாகத்தை மட்டும் வரைந்து, போட்டோவை நீக்கிவிட்டோம். எழுத்து 14 பாயிண்ட், வரிகளுக்கு நடுவில் தாராளமான இடைவெளி. தடித்த எழுத்தை அதிகம் போடாதீர்கள். ண, ணை மாதிரி எழுத்துகளில் சுழி அடைபட்டு, மங்கிய வெளிச்சத்தில் ஒரு கறுப்புத் திட்டாகத் தெரியும்.

அக்கா சொன்ன ஒரு விஷயத்தால் பகுதிகளின் ஓரம் மாறியது. நிறப் பட்டைகளை அவர் பார்க்கவே இல்லை. ஸ்டோர் பல்பு மஞ்சள், அதில் ஆரஞ்சும் மஞ்சளும் ஒன்றுபோல் தெரிகின்றன. நிறத்தோடு ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு படத்தையும் ஓரத்தில் போட்டோம். தட்டு, நெருப்பு, மூட்டை, பூட்டு. "ஏதோ ஆகிப்போச்சு" பகுதிக்கு மட்டும் சிவப்பு, மற்றவற்றுக்கு வெளிர் நிறம்.

தாளும் லேமினேஷனும்

இங்க்ஜெட் பிரிண்ட் வேண்டவே வேண்டாம். மலை ஈரத்தில் மை கசியும். லேசர் பிரிண்ட் எடுத்து, ஏ5 அளவில் ஒவ்வொரு தாளாக லேமினேட் செய்து, வளையம் போட்டுக் கட்டினோம். விரித்து வைத்தால் தானே மூடிக்கொள்ளாமல் படுத்துக் கிடக்க வேண்டும், அதற்கு வளையம்தான் சரி.

லேமினேட் செய்த பிறகு ஓட்டை போட்டால் அந்த ஓட்டை வழியாகவே ஈரம் உள்ளே ஏறி, ஒரு மழைக்காலத்தில் தாள் உப்பிவிடும். அதனால் முதலில் தாளில் பெரிய ஓட்டை போட வேண்டும். பிறகு லேமினேட் செய்து, அதே இடத்தின் நடுவில் சின்ன ஓட்டை. ஓட்டையைச் சுற்றி பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் ஒட்டியிருக்கும், தாள் வெளியே தெரியாது. நான்கு ஓரமும் அப்படியே, தாளைத் தாண்டி 5 மில்லிமீட்டராவது பிளாஸ்டிக் நீள வேண்டும். கடைக்காரர் அழகுக்காக ஒட்ட வெட்டிவிடுவார், பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.

புத்தகம் இருக்கும் இடமும் முடிவு செய்ய வேண்டிய விஷயம்தான். ஆபீஸ் பீரோவில் இருந்தால் ராத்திரி சாவி யாரிடம்? பேனலுக்கு இடது பக்கம், சூடு படாத சுவரில், கண் மட்டத்தில் ஆணி அடித்துச் சங்கிலியில் தொங்கவிட்டிருக்கிறோம். 12-ஆம் பக்கத்தை மட்டும் தனியாகப் பெரிதாக அச்சடித்து ஜெனரேட்டர் ரூமிலும் ஒட்டியாயிற்று. கியூஆர் கோடு போட்டு வீடியோ வைக்கலாமே என்று முதலாளியின் மகன் கேட்டார். பழகுவதற்கு வீடியோ நல்லது, அவருக்கு அதைத் தனியாகச் செய்து தருகிறேன். கரண்டு போன ராத்திரியில் இந்த இடத்தில் டவர் கிடைப்பது நிச்சயமில்லை, அதனால் அவசரப் பக்கம் எதையும் போனை நம்பி வைக்கவில்லை.

பின்பக்கத்தில் நான்கு வெற்றுத்தாள்கள் லேமினேட் செய்யாமல் சேர்த்திருக்கிறேன், பென்சிலும் கட்டியிருக்கிறது. புத்தகத்தில் தேடிக் கிடைக்காததை அதில் எழுதச் சொல்லியிருக்கிறோம். இந்த சீசனில் அண்ணன் கையெழுத்தில் வந்தது: "மீட்டர் ஆடுது, ஒரு நேரம் 50, ஒரு நேரம் 20. பாத்தா எலி வயரக் கடிச்சிருக்கு." அடுத்த அச்சில் இது மீட்டர் கட்டத்துக்குப் போகிறது. மூன்று பாஷைப் பிரதியிலும் 27-ஆம் பக்கம் இதற்காக ஒதுக்கியாயிற்று.